பந்தியில் யார் பக்கத்தில் யார்?

1980 முதல் 2016 வரை சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்களின் பெயரைப் போடுவதில்லை, ஊர் மட்டும் போதும். இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டேன். முதல் கேள்விக்குப் பதில் நீண்டுவிட்டது. அந்த மாணவி கேட்டதைத்தான் மற்ற நால்வரும் வேறு வேறு இடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

கல்லூரி மாணவி, வியாசர்பாடி

*டீச்சர், நான் சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குடும்பம், கல்வி, மதம், பொருளாதாரம், அரசு என்று ஐந்து சமூக நிறுவனங்களைப் பாடத்தில் வைத்திருக்கிறார்கள். இவற்றில் சமுதாயத்தை அதிகமாக உருவாக்குவது எது என்று தேர்வில் கேள்வி வந்தது. குடும்பம் என்று எழுதினேன். மதிப்பெண் கிடைத்தது, மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள்?*

மகளே, உன் மனசு ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த ஆரம்பப் பள்ளி புளியந்தோப்புப் பக்கம். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமங்களில், செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. எங்கள் பள்ளியில் சாப்பாடு போட ஆரம்பித்த முதல் வாரமே இரண்டு அம்மாக்கள் வாசலில் வந்து நின்றார்கள். "எங்க பிள்ளைய அந்தத் தெருப் பிள்ளைங்களோட உட்கார வைக்காதீங்க." வாய்விட்டுச் சொன்னது அவ்வளவுதான். எந்தத் தெரு, ஏன் என்பதெல்லாம் எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

எங்கள் தலைமை ஆசிரியை அவர்களோடு வாதாடவில்லை. வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்தார். பதிவேட்டில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையில்தான் பந்தி என்று சொல்லிவிட்டார். அ-வில் தொடங்கும் பெயர் முன்னால், வ-வில் தொடங்கும் பெயர் கடைசியில். எந்தத் தெரு, என்ன சாதி என்று அந்த வரிசை பார்க்காது. இரண்டு அம்மாக்களில் ஒருவர் தன் பிள்ளையை ஒரு வாரம் சாப்பிட விடவில்லை. அடுத்த வாரம் அந்தப் பிள்ளையே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை அதன் பக்கத்து இடம் மாறவே இல்லை.

அந்தப் பிள்ளை வீட்டில் கற்றுக்கொண்டது ஒன்று, பந்தியில் கற்றுக்கொண்டது வேறு. குடும்பம் எல்லாவற்றுக்கும் முந்தியது, அதில் சந்தேகமில்லை. பேச்சு, பயம், பாசம் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் தன் வீட்டு மனிதர்களோடு எப்படி இருப்பது என்பதைத்தான் வீடு சொல்லித் தருகிறது. தனக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுவதற்கு வேறு ஓர் இடம் வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த இடம் பள்ளிக்கூடம்.

அந்தப் பந்தி ஒரு நாளில் வந்ததும் இல்லை. 1920-ல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தரத் தீர்மானம் போட்டார்கள். பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. சில வருஷத்தில் அது நின்றுபோனது. 1956-ல் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார். பிறகு 1982. 2022 செப்டம்பரிலிருந்து காலைச் சிற்றுண்டியும் வந்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் எத்தனையோ பேர் எடுத்த முடிவுகள் சேர்ந்துதான் ஒரு தட்டை இன்னொரு தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கின்றன. பள்ளி இப்படிக் குடும்பத்தையும் மாற்றியது. பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ள நினைத்த எத்தனையோ பேர், ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகவாவது போகட்டும் என்று அனுப்பினார்கள். அப்படி வந்த பெண்கள் எட்டாவது, பத்தாவது என்று போனார்கள். அவர்களுடைய கல்யாணம் தள்ளிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

பொருளாதாரத்தையும் கேட்டாய் அல்லவா? என் அப்பா பி அண்டு சி மில்லில் வேலை பார்த்தார். பின்னி மில் என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். மில் சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள், குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள். அம்மா கடிகாரம் பார்த்ததே இல்லை. சம்பள நாளில் மளிகைக் கடைக் கணக்கு தீரும், தீபாவளி போனஸில் கல்யாணப் பேச்சு நடக்கும். ஒரு தொழிற்சாலை ஒரு பேட்டையின் நாளையும் மாதத்தையும் வருஷத்தையும் நடத்தியது.

அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு எல்லாம் சேர்ந்து கட்டியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் அது ஒன்று. ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள் ஒரே சங்கத்தில் சேர்ந்தார்கள். ஆனால் 1921-ல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அது புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக வெடித்தது, குடிசைகள் எரிந்தன. மில்லுக்குள் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள் சாயங்காலம் தனித்தனிச் சேரிக்கும் தெருவுக்கும் திரும்பிப் போனார்கள். சங்கத்தால் தெருவை மாற்ற முடியவில்லை. என் தாத்தா கடைசிவரை அதைப் பற்றிப் பேசமாட்டார். அந்த நாளில் யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

1996-ல் மில் மூடியது. சங்கு நின்ற பிறகு எங்கள் தெருவில் ஆளுக்கொரு நேரத்தில் அடுப்பு எரிந்தது. மில்காரர் என்று மரியாதையோடு கூப்பிடப்பட்டவர்கள் காவலாளி வேலைக்கும் தள்ளுவண்டிக்கும் போனார்கள். அவர்கள் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அந்த வருஷம் நோட்டு வாங்காமல் வந்த பிள்ளைகளை நான் கேள்வி கேட்கவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். எது பலமானது என்று கேட்காமல், இந்த அமைப்பு யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கிறது, யாரை வாசலில் காக்க வைக்கிறது, யார் பெயரை எழுதிக்கொள்கிறது என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பார். நானாக இருந்தால் தேர்வில் அதைத்தான் எழுதியிருப்பேன். பாடத்தில் ஐந்தும் தனித்தனி அத்தியாயம். உன் தெருவில் ஐந்தும் ஒரே வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன. உன் பாட்டி எந்த வயதில் பள்ளியை விட்டார், யார் சொல்லி விட்டார் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேள். உன் ஆசிரியரிடம் அதைக் கட்டுரையாகக் கொடு.

ஒரு தாய், கண்ணகி நகர்

*அம்மா, நாங்கள் கூவம் கரையில் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருந்தோம். வீட்டை எடுத்துவிட்டு இங்கே அனுப்பினார்கள். பையன் பழைய பள்ளிக்கே பஸ்ஸில் போய் வந்தான். பத்தாவதில் இரண்டு பாடம் போய்விட்டது. இப்போது எங்கும் போவதில்லை. "வளர்ப்பு சரியில்லை" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். நான் என்ன தப்பு செய்தேன்?*

தங்கச்சி, நீ தப்பு எதுவும் செய்யவில்லை. இதை இரண்டு தரம் படி.

நடந்து போகிற தூரத்தில் இருந்த பள்ளி ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனது. காலையில் ஆறு மணிக்கெல்லாம் கிளம்பி, நின்றுகொண்டே பயணம் செய்து, சாயங்காலம் இருட்டியபின் வீட்டுக்கு வருகிற பதினைந்து வயதுப் பையன் எப்போது படிப்பான்? உனக்கும் வேலை பழைய இடத்தில்தான் இருந்திருக்கும். நீயும் அதே பஸ்ஸில்தான் போயிருப்பாய். வீட்டில் யாரும் இல்லாத அந்த நேரத்தை வளர்ப்பு என்று சொந்தக்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியபோது "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்பதுதான் அதன் வாசகம். ஆரம்ப காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக்கொடுத்தார்கள். சேத்துப்பட்டிலும் மந்தைவெளியிலும் அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் தங்கள் பள்ளியை, கோயிலை, கடையை, அம்மா வேலை செய்யும் வீட்டை இழக்கவில்லை. பிறகு நகரத்துக்கு வெளியே நிலம் எடுத்தார்கள். 2000 வாக்கில் கண்ணகி நகர் வந்தது, அதற்கப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வாரியமும் அதேதான், சட்டமும் அதேதான். வீடு எங்கே என்ற ஒரு முடிவு மாறியதில் இத்தனை பிள்ளைகளின் படிப்பு திசை மாறிவிட்டது. வீடு தந்தோமே என்று சொல்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: பள்ளியும் பிழைப்பும் எங்கே என்று பார்த்தா தந்தீர்கள்?

இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். போன இரண்டு பாடத்தையும் துணைத் தேர்வில் எழுதலாம். மற்ற பாடங்களைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரைப் பார்த்து விண்ணப்பத் தேதியைக் கேள். படிப்பில் மனம் இல்லை என்றால், எட்டாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்தே ஐ.டி.ஐ-யில் சில பிரிவுகளில் சேரலாம். அவனைத் திட்டாதே. பக்கத்தில் மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்கள் இருக்கிறார்களா என்று விசாரி. இருந்தால், "படிக்க வேண்டாம், போய் உட்கார்ந்துவிட்டு வா" என்று மட்டும் சொல்லி அவனை அனுப்பு.

உங்கள் கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வாங்கி வந்தாளே, அதற்குப் பின்னால் தினமும் ஒரு மைதானம் இருந்தது, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு பயிற்சியாளர் இருந்தார். உன் மகனுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் இருக்கிற இடம்.

ஓர் ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

*எங்கள் அடுக்குமாடிச் சங்கம் "வீட்டு வேலை செய்பவர்கள் சர்வீஸ் லிஃப்டை மட்டும் பயன்படுத்த வேண்டும்" என்று பலகை வைத்திருக்கிறது. கேட்டால் சுத்தத்துக்காக என்கிறார்கள். எனக்கு உறுத்துகிறது. ஆனால் முந்நூறு வீட்டில் நான் ஒருவன் பேசி என்ன ஆகப்போகிறது?*

தம்பி, பேசுங்கள். உங்கள் சங்கமும் ஒரு சமூக நிறுவனம்தான். அதற்கு விதி இருக்கிறது, செயலாளர் இருக்கிறார், அபராதம் போடும் அதிகாரம் இருக்கிறது. உங்கள் குடியிருப்பில் வளரும் நூறு பிள்ளைகள் அந்தப் பலகையைத் தினமும் படிக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து, தங்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டிய அக்கா தங்களோடு ஒரே பெட்டியில் நிற்கக்கூடாது என்று தெரிந்துகொள்கிறார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தவர்களும் சுத்தம் என்றுதான் சொன்னார்கள்.

அடுத்த பொதுக்குழுவுக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம், அங்கே அது சண்டையாகி அன்று இரவே மறைந்துவிடும். இந்த விதியை எந்தக் கூட்டத்தில், எந்தத் தேதியில், யார் முன்மொழிந்து நிறைவேற்றினார்கள் என்று தீர்மானப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பல இடங்களில் அப்படி ஒரு தீர்மானமே இருக்காது, யாரோ ஒருவர் பலகை செய்து மாட்டியிருப்பார். தீர்மானம் இருந்தால் அதை ரத்து செய்யக் கோரி வாக்கெடுப்புக் கேளுங்கள். தோற்றாலும் உங்கள் எதிர்ப்பு புத்தகத்தில் ஏறட்டும். உங்களுக்கு உறுத்துவதுபோல் இன்னும் இருபது பேருக்கு உறுத்தும், யாராவது முதலில் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007-ல் நலவாரியம் வந்தது. உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்துப் பதிவு செய்ய உதவுங்கள். அதோடு, அவரோடு சேர்ந்து பெரிய லிஃப்டில் ஏறுங்கள். உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.

ஒரு வாசகர், இராயபுரம்

*இப்போது எல்லாவற்றையும் செல்போன்தானே தீர்மானிக்கிறது? பள்ளி, கோயில், சங்கம் எல்லாம் பழைய காலத்து விஷயம் இல்லையா?*

போன் உங்களுக்குப் பிடித்ததையே திரும்பத் திரும்பக் காட்டும். உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் பக்கத்தில் அது உங்களை உட்கார வைக்காது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது போனில் சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை. அன்று பள்ளிவாசலும் சர்ச்சும் கோயிலும் கல்யாண மண்டபமும் பள்ளிக்கூடமும் கதவைத் திறந்தன. என் பள்ளியில் மூன்று இரவு ஜனங்கள் தங்கினார்கள். ஒரே வகுப்பறையில், ஒரே பெஞ்சில்.

உங்கள் வீட்டுச் சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் பலன் அது. சுதந்திர இந்தியாவில் நூலகத்துக்காக வந்த முதல் சட்டம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பல வருஷம் அதற்காகப் போராடினார். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். வாடகை அறையில் படிக்க இடமில்லாமல் வந்து, போட்டித் தேர்வுக்காகத் தலை நிமிராமல் படிக்கும் பிள்ளைகளைப் பார்ப்பீர்கள். உங்கள் வரிப்பணம்தான் அந்த நாற்காலி.

ஒரு சகோதரி, கொளத்தூர்

*அப்பா போன வருஷம் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு. இரண்டு அண்ணன்களும் என்னை, என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். "உனக்குக் கல்யாணத்துக்கே செய்தாச்சு" என்கிறார்கள். போடாவிட்டால் பிறந்த வீடு போய்விடும் என்று அம்மாவே அழுகிறார்.*

அம்மா அழுவதுதான் இதில் கஷ்டம், எனக்குப் புரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள். உங்களுக்குப் பொருந்துவது இந்து வாரிசுரிமைச் சட்டம் என்றே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால் அம்மா, மகன்கள், மகள் எல்லோருக்கும் சமபங்கு. இது 1956-லிருந்தே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குப் பிறப்பால் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது, அப்போது கல்யாணம் ஆகாதிருந்த பெண்களுக்கு. 2005-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. உன் பங்கு நீ அண்ணன்களிடம் கேட்டு வாங்குவது இல்லை. அப்பா கண்ணை மூடிய அன்றே உன்னுடையதாகிவிட்டது. அதனால்தான் அதை விட்டுக்கொடுக்க உன் கையெழுத்து தேவைப்படுகிறது.

சட்டம் இத்தனை வருஷமாக இருந்தும் கொளத்தூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் நீ ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிறாய். சீர், வரிசை, தாய்மாமன் முறை, ஆடிக்கு அழைப்பு என்று பெண்ணைப் பிறந்த வீட்டோடு கட்டிவைத்திருக்கும் அத்தனை கயிறும் அண்ணன்கள் கையில் இருக்கிறது. பங்கு கேட்டால் அந்தக் கயிறு அறுந்துவிடும் என்ற பயத்தில்தான் பெண்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். நானும் போட்டேன். 1991-ல், படித்தவள், சம்பளம் வாங்குகிறவள், ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்து நிமிஷத்தில் போட்டுவிட்டு வந்தேன். அம்மா நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கடைசிக் காலத்தில் அம்மா என் வீட்டில்தான் இருந்தார், ஏழு வருஷம். நான் கையெழுத்துப் போட்ட வீட்டில் அவருக்கு இடம் இருக்கவில்லை.

அதனால் உன்னிடம் மட்டும் பேசவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லச் சொல்கிறேன்: அந்த வீட்டில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அவரையும் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்களா என்று கேள்.

அவசரப்படாதே. "யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல், சண்டை வேண்டாம். வீட்டின் பத்திர நகலையும் வில்லங்கச் சான்றையும் எடுத்து வை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்டால் வழக்கறிஞரோடு பேச ஏற்பாடு செய்வார்கள். அங்கே சமரசம் பேசவும் வழி இருக்கிறது, எடுத்தவுடனே வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. போய்விட்டு வந்து எனக்கு எழுது.